பாரிமுனையில் முதல் தட்டு அத்தோ: வடசென்னைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மண்ணடியிலோ ராயபுரத்திலோ வண்ணாரப்பேட்டையிலோ புதிதாக வீடு பிடித்தவர்களுக்கு, காஸ் இணைப்பு, தண்ணீர் கேன், பஸ் வழித்தடம் எல்லாவற்றையும் யாராவது சொல்லித் தந்துவிடுவார்கள். பர்மாவிலிருந்து வந்த நூடுல்ஸ் சாப்பாடான அத்தோவைச் சாப்பிடுவதை மட்டும் யாரும் முறையாகச் சொல்லித் தருவதில்லை. "பாரிமுனைப் பக்கம் வண்டிகள் இருக்கும், போய்ச் சாப்பிட்டுப் பாருங்கள்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். போனவர் வண்டியைப் பார்ப்பார். ஆரஞ்சு நிறத்தில் ஒரு நூடுல்ஸ் குவியல், பச்சை முட்டைக்கோஸ், வெறுங்கையால் பிசையும் கடைக்காரர், சுற்றி நெரிசல். என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று தெரியாமல் ஒரு முட்டை போண்டாவோடு திரும்பிவிடுவார். இன்னும் சிலர், வேறு பகுதியில் புதிதாகத் திறந்த கடையில் வதக்கிய அத்தோவைச் சாப்பிட்டுவிட்டு, "இதுவும் ஒரு வகை ஃப்ரைடு நூடுல்ஸ்தானே" என்று முடிவு கட்டிவிடுவார்கள். இரண்டுமே பெரிய இழப்பு.

ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் முதல் தட்டு சாதா அத்தோவாக இருக்க வேண்டும். அடுப்பில் ஏறாததாக, கையால் பிசைந்ததாக, வண்டிக்கு முன்னால் நின்று, உங்களுக்கு எவ்வளவு காரம், எவ்வளவு புளி என்று சொல்லி வாங்கியதாக இருக்க வேண்டும். மற்ற வகைகளை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நூடுல்ஸ் என்றால் சூடான சாற்றில் மிதக்கும் ஜப்பானிய ராமென்தான் இப்போது பலருக்கும் நினைவுக்கு வருகிறது. அந்த எதிர்பார்ப்போடு போனால் அத்தோ குழப்பும். ராமெனில் நூடுல்ஸும் சாறும் ஒரே கிண்ணத்தில் வரும். பல மணி நேரம் எலும்பைக் கொதிக்கவைத்து எடுத்த சாறுதான் அதன் உயிர். அத்தோவில் நூடுல்ஸ் தனி, சூப்பு தனி. நூடுல்ஸ் சூடாக இருக்காது. வேகவைத்து, எண்ணெய் தடவி, ஆறவைத்து வைத்திருப்பார்கள். சூடு முழுவதும் பக்கத்துக் கிண்ணத்தில் இருக்கும் வாழைத்தண்டு சூப்பில்தான். ராமென் நூடுல்ஸின் இளமஞ்சள் நிறத்துக்கு மாவில் சேர்க்கும் காரநீர் (ஆல்கலைன் தண்ணீர்; மிளகாய்க் காரம் அல்ல) ஒரு காரணம். அத்தோ நூடுல்ஸின் ஆரஞ்சு நிறம் சேர்க்கிற நிறப்பொடியால் வருவது. அந்த நிறத்தைப் பார்த்து, காரம் கொளுத்தும் என்று பயப்பட வேண்டாம். காரம் எவ்வளவு என்பது நீங்கள் சொல்வதைப் பொறுத்தது.

எங்கே, எப்படிப் போவது

அத்தோவுக்குப் பேர் போன இடம், பாரிமுனையை ஒட்டி ஜார்ஜ் டவுனில் இருக்கும் செகண்ட் லைன் பீச் சாலை. ராஜாஜி சாலைதான் பழைய ஃபர்ஸ்ட் லைன் பீச். அதற்கு இணையாக, மேற்கே உள்ளே தள்ளி ஓடுவது இது. துறைமுகம் கட்டுவதற்கு முன்பு கடல் அலை இந்தப் பக்கம் வரை வந்துகொண்டிருந்தது. இப்போது தெருவின் பெயரில் மட்டும் கடற்கரை இருக்கிறது.

தாம்பரம் மார்க்கத்திலிருந்து வருகிறவர்கள் புறநகர் ரயிலில் கடைசி நிறுத்தமான சென்னைக் கடற்கரை நிலையத்தில் இறங்கினால் போதும். ராயபுரத்திலிருந்து வந்தால் அது அடுத்த நிலையம். (ராயபுரம் ரயில் நிலையம் 1856-ல் திறக்கப்பட்டது. தென்னிந்தியாவில் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட இடம் அது. ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அதன் தூண்களை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.) கடற்கரை நிலையத்திலிருந்து வெளியே வந்து, ராஜாஜி சாலையைச் சுரங்கப்பாதை வழியாகக் கடந்து மேற்குப் பக்கம் ஏறுங்கள். மாலையில் அந்தச் சாலையை வாகனங்களுக்கு நடுவே கடக்க முயல வேண்டாம். துறைமுகத்து லாரிகளும் மாநகரப் பஸ்களும் யாருக்காகவும் நிற்பதில்லை. சிவப்புச் செங்கல்லில் கட்டிய தலைமை அஞ்சலகக் கட்டடம் தெரியும். அந்தப் பக்கத்தில் எந்தக் குறுக்குத் தெருவில் நுழைந்தாலும் அடுத்து வரும் இணைத் தெருதான் உங்கள் இடம்.

மெட்ரோவில் வருகிறவர்கள் மண்ணடி அல்லது உயர் நீதிமன்றம் நிலையத்தில் இறங்கலாம். திருவொற்றியூர், விம்கோ நகர்ப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு நீல வழித்தட மெட்ரோ நேராகவே வருகிறது. நிலையத்திலிருந்து துறைமுகம் இருக்கும் கிழக்குத் திசையை நோக்கி, தம்பு செட்டி தெரு, லிங்கி செட்டி தெரு ஆகியவற்றைக் குறுக்கே கடந்து நடக்க வேண்டும். வழி தவறினால் கவலை இல்லை, "அத்தோ வண்டி எந்தப் பக்கம்?" என்று சுமை தூக்குகிற எந்தத் தொழிலாளியிடம் கேட்டாலும் கையை நீட்டிக் காட்டிவிடுவார். சொந்த வண்டியில் மட்டும் போகாதீர்கள். நிறுத்த இடம் தேடியே பசி போய்விடும்.

நேரம் மாலை. அலுவலகங்களும் மொத்த வியாபாரக் கடைகளும் மூடத் தொடங்கும் வேளையில் தெரு முழு வேகத்துக்கு வரும். முதல் முறை போகிறவர்கள் வேலை நாளாகப் பார்த்துப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை ஜார்ஜ் டவுனின் வணிகத் தெருக்கள் அடைத்துக் கிடக்கும். கூட்டமும் குறைவு, வண்டிகளும் குறைவாகவே இருக்கலாம். ரம்ஜான் மாதத்தில் மண்ணடி முழுவதும் நோன்பு திறந்த பிறகு விடிய விடிய விழித்திருக்கும். அப்போது போகிறவர்கள் நெரிசலுக்குத் தயாராகப் போகவும்; அந்த நெரிசலும் பார்க்க வேண்டியதுதான்.

இந்தச் சாப்பாடு இங்கே வந்த வழி

இதைத் தெரிந்துகொள்ளாமலும் அத்தோ சாப்பிடலாம். ஆனால் தெரிந்துகொண்டு சாப்பிடுகிறவர் கடைக்காரரிடம் பேசும் விதமே வேறாக இருக்கும் என்பதால் சொல்கிறேன்.

பர்மா 1886 முதல் 1937 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமாக இருந்தது. சென்னைத் துறைமுகத்திலிருந்து ரங்கூனுக்குக் கப்பல்கள் போய்வந்தன. ராமநாதபுரம், சிவகங்கை, தஞ்சாவூர்ச் சீமைகளிலிருந்து ஏராளமானோர் அங்கே போனார்கள். வயல் வேலைக்கும் துறைமுகச் சுமைக்கும் போனவர்கள் அதிகம். வட்டித் தொழிலுக்குச் செட்டியார்களும், கடை வைக்க மரைக்காயர்களும் இராவுத்தர்களும் போனார்கள். செட்டிநாட்டு வீடுகளில் நிற்கும் தேக்குத் தூண்கள் அந்தக் காலத்துப் பர்மா வரவு. 1941 டிசம்பரில் ஜப்பானியர் ரங்கூன் மீது குண்டு வீசியபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். கப்பல் கிடைக்காதவர்கள் காட்டு வழியாகவும் மலை வழியாகவும் நடந்தே வந்தார்கள். வழியிலேயே இறந்தவர்கள் மிகப் பலர். போர் முடிந்ததும் பலர் திரும்பவும் போனார்கள்.

இரண்டாவது முறை வந்ததுதான் இந்தத் தெருவை உண்டாக்கியது. 1962 மார்ச் 2-ஆம் தேதி ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் வங்கிகளும் கடைகளும் நாட்டுடைமை ஆயின. 1964 மே 17 அன்று 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தது ஒரே நாளில் காகிதமானது. கப்பலேறி வந்தவர்கள் நகையையும் பணத்தையும் அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டியிருந்தது. வந்து இறங்கிய துறைமுகத்தின் வாசலிலேயே, ராஜாஜி சாலை ஓரத்தில், பிழைப்புக்காக அவர்கள் போட்ட கடைகள்தான் பர்மா பஜார். குடியிருக்க இடம் கிடைத்தது வியாசர்பாடி போன்ற பகுதிகளில். பர்மா காலனி என்ற பெயர் இன்றும் அங்கே நிற்கிறது. இங்கே வாழ முடியாமல் தரைவழியாக மீண்டும் பர்மாவுக்கே போகப் புறப்பட்ட சிலர், எல்லையில் தடுக்கப்பட்டு மணிப்பூரின் மோரேயில் தங்கிவிட்டார்கள். அங்கே இன்றும் தமிழர் தெருவும் கோயிலும் உண்டு.

சமையல் மட்டும் எந்தச் சுங்கத்திலும் நிற்காமல் வந்து சேர்ந்தது. பர்மாவில் கோதுமை நூடுல்ஸை முட்டைக்கோஸ், வறுத்த கடலை மாவு, புளி, பூண்டு எண்ணெய் சேர்த்துக் கையால் பிசைந்து, பக்கத்தில் ஒரு கிண்ணம் சூப்போடு தருவது அன்றாட வழக்கம். இங்கே வந்ததும் அது தமிழ் நாக்குக்கு ஏற்ப மாறிக்கொண்டது. காரம் கூடியது, மீன் வாசம் குறைந்தது, காலைச் சாப்பாடு மாலைச் சாப்பாடானது. நீங்கள் நிற்கும் வண்டியின் சொந்தக்காரர் பர்மாவில் பிறந்தவராக இல்லாமல் இருக்கலாம். அவருடைய தந்தையோ பாட்டியோ கற்றுத்தந்ததாக இருக்கும், அல்லது அப்படிப்பட்டவரிடம் வேலை பார்த்துக் கற்றுக்கொண்டதாக இருக்கும். கூட்டம் குறைந்த நேரத்தில் மரியாதையோடு கேட்டால் சொல்வார்கள். கேட்காமல் படம் மட்டும் எடுத்துக்கொண்டு போவது எனக்குப் பிடிப்பதில்லை.

எந்த வண்டி

பெயர்ப்பலகை பெரிதாக இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அவசரப்படாமல் தெருவை ஒரு முறை முழுவதும் நடந்து பாருங்கள்.

முதலில் முட்டைக்கோஸைப் பாருங்கள். மெல்லிய இழையாக, ஈரப்பதத்தோடு, வெளுத்த பச்சையில் இருக்க வேண்டும். ஓரம் பழுப்பேறியிருந்தால் அது காலையிலேயே நறுக்கியது. அடுத்து நூடுல்ஸ் குவியல்: இழைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பளபளவென்று பிரிந்திருக்க வேண்டும். கட்டி கட்டியாக இருந்தால் வேறு வண்டிக்குப் போங்கள். மூன்றாவது, வறுத்த பூண்டும் வறுத்த வெங்காயமும். இவை பொன்னிறத்தில் இருக்க வேண்டும். கறுத்துப்போயிருந்தால் தட்டு முழுவதும் கசக்கும், அதைப் புளியாலும் எலுமிச்சையாலும் சரிசெய்ய முடியாது. எனக்கு இந்த மூன்றிலும் பூண்டுதான் முக்கியம். பூண்டைப் பொறுமையாக வறுக்கிறவர் மற்றதிலும் அவசரப்படமாட்டார்.

சூப்புப் பானை அடுப்பில் கொதித்துக்கொண்டே இருக்க வேண்டும். பிசைகிற கை பணத்தைத் தொடக்கூடாது. காசு வாங்க இன்னொருவர் இருக்கும் வண்டி நல்லது. கையுறை போட்டிருக்கிறார்களா என்று பலர் பார்க்கிறார்கள். கையுறையோடு நோட்டையும் வாங்கி, அதே கையுறையோடு நூடுல்ஸையும் பிசைந்தால் என்ன பயன்? சுத்தமாகக் கழுவிய வெறுங்கை அதைவிட மேல். கடைசியாகக் கூட்டம். கூட்டம் இருக்கும் வண்டியில் குவியல் சீக்கிரம் தீர்ந்து புதியது வரும் என்பதால் அது உங்கள் வயிற்றுக்கும் பாதுகாப்பு.

கேட்கும் முறை

பெரும்பாலும் நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டும். வரிசை என்று ஒன்று கண்ணுக்குத் தெரியாது, ஆனால் யாருக்குப் பிறகு யார் என்பது கடைக்காரருக்கு நன்றாகத் தெரியும். அவர் பிசையும் அகலப் பாத்திரமான பேசினுக்கு எதிரே, கண்ணில் படும்படி நில்லுங்கள். "அண்ணா" என்று கூப்பிடலாம். பெண்கள் இருக்கும் வண்டியில் "அக்கா". மண்ணடிப் பக்கத்தில் "பாய்" என்ற அழைப்பும் சகஜம். விலையை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

சொல்ல வேண்டிய வாக்கியம் இதுதான்: "அண்ணா, ஒரு சாதா அத்தோ. காரம் குறைவாக, புளி அளவாக, பேஜோ கடைசியில் போடுங்கள்." (பேஜோ என்பது மாவில் பொரித்த, தட்டை போன்ற மொறுமொறுப்பு.) இதை அவருடைய கை பேசினுக்குள் போவதற்கு முன்பு சொல்லிவிட வேண்டும். மிளகாய்த்தூளும் புளித்தண்ணீரும் ஆரம்பத்திலேயே விழுந்துவிடும். பிசைந்த பிறகு கூட்டலாம், குறைக்க முடியாது. முதல் முறைக்குக் காரம் குறைவாகவே சொல்லுங்கள். அங்கே போடும் மிளகாய் வறுத்து இடித்த கொரகொரப்பான தூள். நாக்கில் பட்டதும் தெரியாது, இரண்டு மூன்று வாய்க்குப் பிறகு ஏறும்.

முட்டை சேர்க்கவா, சிக்கன் சேர்க்கவா என்று அவர் கேட்பார். முதல் தட்டுக்கு இரண்டும் வேண்டாம். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்: காய்ந்த இறால் பொடியோ மீன் சாறோ சேர்க்கிறார்களா என்று. பர்மியச் சமையலில் இவற்றுக்குப் பெரிய இடம் உண்டு. சென்னை வண்டிகளில் சூப்பு பெரும்பாலும் வாழைத்தண்டும் மாவும் மசாலாவும்தான் என்றாலும், கேட்டுவிட்டுச் சாப்பிடுவது நல்லது. அதே கையும் அதே பேசினும் சிக்கனுக்கும் புழங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். அதில் மனம் ஒப்பாதவர்கள் சைவம் மட்டும் விற்கும் கடையைத் தேடிப் போவதே சரி.

கையைப் பாருங்கள்

இனி இரண்டு நிமிடம் போனை உள்ளே வைத்துவிடுங்கள். இந்தத் தெருவில் பார்க்க வேண்டிய காட்சி உங்களுக்கு ஒரு முழம் தள்ளி நடக்கப்போகிறது.

எவர்சில்வர் பேசினில் ஒரு பிடி நூடுல்ஸ் விழும். தராசு கிடையாது, பிடிதான் அளவு. அதன் மேல் முட்டைக்கோஸ், நீளவாக்கில் நறுக்கிய வெங்காயம், கொத்தமல்லி. பிறகு உப்பும் மிளகாய்த்தூளும் ஒரு சிட்டிகை, இரண்டு சிட்டிகை. வறுத்த கடலை மாவு ஒரு கரண்டி. இந்த மாவைப் பலரும் கவனிப்பதில்லை, ஆனால் அத்தோவைக் கட்டிப்பிடித்து நிறுத்துவது இதுதான். புளித்தண்ணீர் தண்ணீராகவே இருந்தால் எண்ணெய் தடவிய நூடுல்ஸில் ஒட்டாமல் பேசினின் அடியில் தேங்கிவிடும். மாவு அதை உறிஞ்சிக்கொண்டு, எண்ணெயோடு சேர்ந்து, இழைக்கு இழை ஒரு மெல்லிய பூச்சாகப் படியும். அதனால்தான் புளிப்பு ஒவ்வொரு வாயிலும் ஒரே அளவாக இருக்கிறது. மாவு கூடினால் தொண்டையில் அடைக்கும்; குறைந்தால் அடியில் குளம் நிற்கும். நல்ல கைக்காரரின் பேசினைப் பிசைந்து முடித்த பிறகு எட்டிப் பாருங்கள். அடியில் தண்ணீர் இருக்காது.

அடுத்து பூண்டு எண்ணெய். பூண்டை வறுத்தெடுத்த எண்ணெயைத் தனியாக வைத்திருப்பார்கள். அதில் ஒரு கரண்டி விழும்போதே வாசனை உங்கள் மூக்குக்கு வந்துவிடும். அதன் பிறகு கை உள்ளே போகும். விரல்களை விரித்து, அடியிலிருந்து தூக்கி, உதறி, மறுபடியும் அடியிலிருந்து. சப்பாத்தி மாவைப் பிசைவதுபோல் அழுத்துவதில்லை; அழுத்தினால் நூடுல்ஸ் அறுந்து கூழாகும். கரண்டியால் இதைச் செய்ய முடியாது. முட்டைக்கோஸ் எவ்வளவு துவண்டிருக்கிறது, புளி எங்கே பிடிக்கவில்லை என்பது விரலுக்குத்தான் தெரியும். அடுப்பில் வதக்கும் அத்தோவில் இந்தக் கைவேலைக்கு இடமே இல்லை. அங்கே சூடும் எண்ணெயும் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடும், முட்டைக்கோஸின் நறநறப்பும் போய்விடும். சாதா அத்தோவை முதலில் சாப்பிடச் சொல்வதன் காரணம் இதுதான்.

தட்டில் இறங்கிய பிறகு வறுத்த வெங்காயம், வறுத்த பூண்டு, மேலே நொறுக்கிய பேஜோ. பிசையும்போதே இதைப் போட்டுவிட்டால் ஊறிப் பதமற்றுப்போகும். கடைசியில் போடச் சொன்னது இதற்காகத்தான்.

சாப்பிடும் முறை

முதல் வாயைச் சூப்பு இல்லாமல் சாப்பிடுங்கள். புளி முன்னால் வரும், பூண்டு பின்னால் வரும், இடையில் முட்டைக்கோஸ் நறுக்கென்று கடிபடும். ஆறிய நூடுல்ஸ் என்ற தயக்கம் இந்த இடத்தில் பலருக்கும் போய்விடும். சூடாக இருந்திருந்தால் இவை மூன்றும் தனித்தனியாகத் தெரியாது. பிறகு சூப்பை ஒரு மிடறு குடியுங்கள். மிளகும் மஞ்சளும் சேர்ந்த, சற்றுக் கெட்டியான, வாழைத்தண்டுத் துண்டுகள் மிதக்கும் சூப்பு. நூடுல்ஸ் ஒரு வாய், சூப்பு ஒரு மிடறு என்று மாற்றி மாற்றிப் போக வேண்டும். பாதித் தட்டுக்குப் பிறகு கொஞ்சம் வறண்டதாகத் தோன்றினால், ஒரு கரண்டி சூப்பை நூடுல்ஸ் மேல் ஊற்றிக் கலந்துகொள்ளலாம். அந்தப் பாதி வேறு சாப்பாடாகவே இருக்கும். சூப்பு தீர்ந்தால் கிண்ணத்தை நீட்டுங்கள், இன்னொரு கரண்டி ஊற்றுவார்கள்.

கூடவே ஒரு மசாலா முட்டை வாங்குங்கள். சாதா அத்தோவில் முட்டை வேண்டாம் என்றேனே, அது வேறு, இது தனி. அவித்த முட்டையைக் கீறி, உள்ளே வறுத்த வெங்காயம், பூண்டு, மிளகாய்த்தூள், ஒரு சொட்டுப் புளித்தண்ணீர் விட்டுத் தருவார்கள். வெட்டிச் சாப்பிட வேண்டாம். வாய் கொண்டால் முழுதாகப் போட்டுக்கொள்வதுதான் முறை, இல்லாவிட்டால் உள்ளே இருப்பது சட்டையில் வழியும்.

அடுத்த முறைகளுக்கு

சாதா அத்தோ பிடித்துவிட்டால், அடுத்து மொய்ங்கா. பலகைகளில் மொகிங்கா, மோய்ங்கோ என்று பலவிதமாக எழுதியிருக்கும், எல்லாம் ஒன்றுதான். மெல்லிய அரிசி நூடுல்ஸின் மேல் சூடான வாழைத்தண்டு சூப்பை ஊற்றி, பேஜோவை நொறுக்கித் தூவித் தருவது. பர்மாவில் இது காலைச் சாப்பாடு. அங்கே கெளுத்தி மீனை வேகவைத்துக் கரைத்த சாற்றில், எலுமிச்சைப்புல் மணக்கச் செய்வார்கள். சென்னைத் தெருவில் மீன் பெரும்பாலும் கிடையாது. ராமென் போலச் சாற்றோடு இருக்கும் நூடுல்ஸ்தான் வேண்டும் என்பவர்களுக்கு இதுவே பொருத்தம். மழைக்கால மாலைகளில் நான் அத்தோவைவிட இதையே விரும்புகிறேன்.

தேங்காய்ப்பால் சேர்த்த குழம்போடு வரும் கவ்சே எல்லா வண்டியிலும் இருக்காது, இருந்தால் விடாதீர்கள். பேஜோவை மட்டும் தனியாக வாங்கி, வெங்காயமும் புளித்தண்ணீரும் சேர்த்து நொறுக்கித் தரச் சொல்லிச் சாப்பிடலாம். குழந்தைகளுக்கு அது பிடிக்கும். வதக்கிய அத்தோ, சிக்கன் அத்தோ எல்லாம் உங்கள் விருப்பம்.

செகண்ட் லைன் பீச் பழகிய பிறகு வியாசர்பாடிப் பக்கம் போய்ப் பாருங்கள். அங்கே வண்டிகளைச் சுற்றி நிற்பவர்கள் தினமும் வரும் அக்கம்பக்கத்தார். வீட்டுப் பாத்திரத்தைக் கொண்டுவந்து சூப்பு வாங்கிப் போகிறவர்களைப் பார்க்கலாம். வெளியூர்க்காரர்களுக்காகச் சுவையை மாற்றிக்கொள்ள வேண்டிய தேவை அங்கே இல்லை.

வயிறு, பார்சல், வீடு திரும்புதல்

எளிதில் வயிறு கெடுகிறவர்கள் பச்சை வெங்காயத்தையும் முட்டைக்கோஸையும் குறைக்கச் சொல்லலாம், அல்லது மொய்ங்காவிலிருந்தே தொடங்கலாம். கொதிக்கும் சூப்பு ஊற்றியது என்பதால் கவலை குறைவு. குடிக்கத் தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள். தெருவில் மழைத்தண்ணீர் தேங்கி நிற்கும் நாளில் போக வேண்டாம். இரவு வெகு நேரம் கழித்து, குவியலின் அடிப்பகுதி மட்டும் மிஞ்சியிருக்கும்போது சாதா அத்தோ கேட்க வேண்டாம். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அத்தோ நூடுல்ஸ் ஆகாது. அரிசி நூடுல்ஸில் செய்வது எது, பேஜோவில் என்ன மாவு என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பார்சல் வாங்குவதை நான் ஆதரிப்பதில்லை. முட்டைக்கோஸ் அரை மணி நேரத்தில் தண்ணீர் விட்டுவிடும். வீட்டில் வயதானவர்களுக்கு வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், பேஜோ, வறுத்த வெங்காயம், சூப்பு மூன்றையும் தனித்தனியாகக் கட்டித் தரச் சொல்லுங்கள். புளியைச் சற்றுக் குறைக்கச் சொல்லி, வீட்டில் சாப்பிடும் நேரத்தில் எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். சூப்பை மட்டும் மறுபடி கொதிக்கவைக்கலாம். நூடுல்ஸை எந்தக் காரணத்துக்காகவும் சூடாக்க வேண்டாம்.

பணம் பெரும்பாலான இடங்களில் போன் வழியாகவே வாங்கிக்கொள்கிறார்கள். ஆனாலும் நெரிசல் நேரத்தில் சிக்னல் கிடைக்காமல் நின்றுகொண்டிருப்பதைவிட, கொஞ்சம் சில்லறையைச் சட்டைப் பையில் வைத்திருப்பது எல்லோருக்கும் நல்லது. சாப்பிட்டு முடித்ததும் தட்டைத் தொட்டியில் போட்டுவிட்டு இடத்தை விடுங்கள், பின்னால் ஒருவர் காத்திருப்பார். கடற்கரை நிலையத்துக்குத் திரும்பும் வழியில் பர்மா பஜார் கடைகளைப் பார்ப்பதாக இருந்தால் இரவு வெகு நேரம் ஆவதற்குள் பார்த்துவிடுங்கள். தாம்பரம் ரயில் அங்கேயே புறப்படுவதால், உட்கார இடம் கிடைக்கும்.